ஆவியின் வரங்களைக் கண்டுகொள்வதும் பயன்படுத்துவதும்: கொழும்புச் சபையாருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கொட்டாஞ்சேனையில் புதன்கிழமை ஜெபக்கூட்டம் முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். புறக்கோட்டையில் ஒரு புடவைக்கடையில் வேலை செய்யும் தங்கை ஒருத்தி என் பக்கத்தில் வந்து நின்றாள். 21 நாள் உபவாசம் இருந்து முடித்திருந்தாள். பகல் முழுவதும் கடையில் நின்று துணி விரித்துக் காட்டிவிட்டு, இரவில் மட்டும் கஞ்சி குடித்திருக்கிறாள். "எனக்கு மட்டும் ஒரு வரமும் வரவில்லை அண்ணா. அந்நியபாஷையும் இல்லை, தரிசனமும் இல்லை. என்னில் ஏதோ குறை இருக்கிறது" என்றாள். கற்காத மொழியில் ஆவியால் பேசுவதைத்தான் அந்நியபாஷை என்கிறோம். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் அவசரமாக ஏதோ ஆறுதல் சொல்லி அனுப்பிவிட்டேன். அன்று அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே முழுமையாக எழுதுகிறேன். வேதாகமத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

முதல் படி: "வரம்" என்ற சொல்லைச் சரியாகக் கேளுங்கள்

தமிழில் வரம் என்றவுடன் கூடவே தவமும் வந்துவிடுகிறது. இராவணன் தவமிருந்து வரம் பெற்ற கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பிள்ளையில்லாத வீடுகளில் நேர்த்தி வைத்து வரம் கேட்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள். சபைக்கு வந்த பிறகும் அந்தக் கணக்கு மனத்தில் தங்கிவிடுகிறது. இத்தனை நாள் பட்டினிக்கு இத்தனை வரம் என்று எண்ணுகிறோம், வரம் பெற்றவர் நம்மைவிடப் பெரிய பக்தர் என்றும் எண்ணுகிறோம்.

கி.பி. 55 அளவில் கொரிந்து சபைக்கு எழுதியபோது பவுல் பயன்படுத்திய கிரேக்கச் சொல் கரிஸ்மா. கரிஸ் என்றால் கிருபை. கிருபையால் சும்மா கொடுக்கப்பட்டது என்பதே அதன் பொருள். ஆவியானவர் தமது சித்தத்தின்படியே அவனவனுக்குப் பகிர்ந்துகொடுக்கிறார் என்று 1 கொரிந்தியர் 12:11 சொல்கிறது. உபவாசம் நல்லது. நம் மனத்தின் இரைச்சலை அடக்கி, கேட்கிற காதைத் தரும். ஆனால் அது வரத்துக்கான கூலி அல்ல. அந்தத் தங்கையில் குறை எதுவும் இல்லை. யாரோ அவளுக்குத் தப்பான கணக்கைக் கற்பித்திருந்தார்கள்.

இதே அதிகாரத்தில் இன்னொரு வசனமும் நம்மில் பலரைத் தடுமாற வைக்கிறது. நாம் அதிகம் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் 12:7, "ஆவியினுடைய அநுக்கிரகம் அவனவனுடைய பிரயோஜனத்திற்கென்று அளிக்கப்பட்டிருக்கிறது" என்று இருக்கிறது. மேலோட்டமாக வாசித்தால் என் வரம் என் பிரயோஜனத்துக்கு என்று படும். கிரேக்க மூலத்தில் "ஒவ்வொருவனுக்கும்" என்பது கொடுப்பதோடு சேர்ந்த சொல். கொடுப்பது ஒவ்வொருவனுக்கும்தான், ஆனால் பயன் உண்டாகும்படி. யாருக்குப் பயன் என்பதை, சபையை ஒரே சரீரமாகச் சொல்லும் அடுத்த உவமை காட்டுகிறது. கண் பார்ப்பது கண்ணுக்காக அல்ல, கால் இடறாமல் இருப்பதற்காக. கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து உருவாக்கிய திருவிவிலியம் "பொது நன்மைக்காகவே" என்று நேராகவே சொல்கிறது. இரண்டு மொழிபெயர்ப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருமுறை வாசியுங்கள்.

இரண்டாம் படி: பட்டியல்களை அளவோடு வாசியுங்கள்

ரோமர் 12:6–8இல் ஏழு வரங்கள். 1 கொரிந்தியர் 12:8–10இல் ஒன்பது. அதே அதிகாரம் 28ஆம் வசனத்தில் வேறொரு வரிசை. எபேசியர் 4:11 அப்போஸ்தலர், தீர்க்கதரிசிகள், சுவிசேஷகர், மேய்ப்பர், போதகர் என்று ஆட்களையே வரங்களாகச் சொல்கிறது. 1 பேதுரு 4:10–11 எல்லாவற்றையும் பேசுதல், உதவிசெய்தல் என்று இரண்டாக அடக்கிவிடுகிறது. எந்த இரண்டு பட்டியலும் ஒன்றுபோல இல்லை. ஆகவே இவை மாதிரிகள், இதற்கு வெளியே வரமே இல்லை என்று சொல்லும் அட்டவணைகள் அல்ல. யாத்திராகமம் 31இல் பெசலெயேல் என்ற கைவினைஞரைத் தேவ ஆவியால் நிரப்பியது பொன்னிலும் வெள்ளியிலும் மரத்திலும் வேலை செய்வதற்காக. செட்டியார் தெருவில் நகைவேலை செய்யும் ஒரு விசுவாசி அந்த அதிகாரத்தைத் தன் பெயர் போட்ட கடிதமாகவே வாசிக்கலாம்.

பட்டியலில் இருந்தும் நாம் கவனிக்காமல் போகிற வரங்கள் உண்டு. ரோமர் 12:8இல் தலைமை தாங்குகிறவரைப் பழைய மொழிபெயர்ப்பு "முதலாளியானவன்" என்கிறது. புறக்கோட்டையில் கடைக்காரரைப் பார்த்து நாள்தோறும் சொல்லும் சொல் அது. அதனால் சபைத் தலைமை என்றால் கல்லாப்பெட்டிக்கு முன் உட்காருவது என்று நினைத்துவிடக் கூடாது. முன்னால் நின்று மற்றவர்களைப் பராமரிக்கிறவர் என்பது மூலச் சொல்லின் கருத்து. 1 கொரிந்தியர் 12:28இல் வரும் "ஆளுகைகள்" என்ற சொல்லுக்கோ கிரேக்கத்தில் கப்பலின் சுக்கானைப் பிடிப்பது என்ற பொருள் உண்டு. துறைமுகத்தின் சங்கொலி கேட்கும் தெருவில் வாழும் எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சுக்கான் பிடிப்பவரைக் கரையில் நிற்பவர்கள் பார்ப்பதில்லை. சபையின் கணக்குக் கொப்பியை ஒழுங்காக வைத்து, கூட்டத்தைக் குறித்த நேரத்தில் முடித்து, மண்டப வாடகையைத் தவறாமல் கட்டுகிற அண்ணாவுக்கு இருப்பது இந்த வரம். அவருக்கு யாராவது கைவைத்து ஜெபித்ததுண்டா என்று உங்கள் சபையில் கேட்டுப் பாருங்கள்.

மூன்றாம் படி: கனியையும் வரத்தையும் குழப்பாதீர்கள்

கொரிந்து சபைக்கு ஒரு வரத்திலும் குறைவில்லை என்று பவுல் முதல் அதிகாரத்தில் சொல்கிறார். மூன்றாம் அதிகாரத்தில் அதே சபையைப் பொறாமையும் வாக்குவாதமும் நிறைந்த மாம்சத்துக்குரியவர்கள் என்கிறார். வரம் இருப்பது முதிர்ச்சிக்குச் சாட்சி அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டுமா? கலாத்தியர் 5:22 சொல்லும் கனி எல்லா விசுவாசியிடமும் வளர வேண்டியது. வரம் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒருவரைப் பின்பற்றலாமா என்று தீர்மானிக்க வேண்டி வந்தால், மேடையில் அவர் ஜெபிப்பதைப் பார்க்காதீர்கள். ஓட்டோக்காரரிடமும் வீட்டில் மனைவியிடமும் அவர் பேசுவதைப் பாருங்கள்.

நான்காம் படி: தேவையிலிருந்து தேடத் தொடங்குங்கள்

உங்கள் வரம் எது என்று கண்டுபிடிக்கக் கேள்விக்கொத்துகள் கிடைக்கின்றன. நூறு கேள்விக்குப் பதில் எழுதினால் மூன்று வரங்களின் பெயர் வரும். அவற்றை நான் அடியோடு ஒதுக்கவில்லை, ஆனால் நமக்குப் பிடித்தது எது என்பதைத்தான் அவை அதிகம் சொல்கின்றன. புதிய ஏற்பாட்டில் யாரும் முதலில் வரத்தைக் கண்டுபிடித்துவிட்டுப் பிறகு வேலை தேடவில்லை. விதவைகளுக்குச் சாப்பாடு போய்ச் சேரவில்லை என்ற முறைப்பாடு எழுந்தது, ஏழு பேர் தெரிந்தெடுக்கப்பட்டார்கள். அப்பொல்லோ என்ற போதகருக்குக் கர்த்தருடைய மார்க்கம் பாதிதான் தெரிந்திருந்தது, ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும் அவரைத் தங்களிடம் சேர்த்துக்கொண்டு மீதியைச் சொல்லிக் கொடுத்தார்கள்.

ஒரு சின்னக் கொப்பி வாங்குங்கள். ஒரு மாதம் உங்கள் சபையிலும் தெருவிலும் கண்ணில் படும் தேவைகளை எழுதுங்கள். எல்லாருக்கும் எல்லாம் தெரிவதில்லை. ஒருவருக்குப் பின் வரிசையில் தனியாக உட்காரும் புதியவர் தெரிவார். இன்னொருவருக்குப் பிரசங்கத்தில் விளக்காமல் விட்ட வசனம் தெரியும். உங்கள் கண்ணில் திரும்பத் திரும்ப எது படுகிறது என்பதே முதல் தடயம்.

அடுத்து அவற்றில் ஒன்றை எடுத்து மூன்று மாதம் செய்யுங்கள். பெயர், பதவி எதுவும் கேட்க வேண்டாம். அதன்பின் உங்களை நன்றாக அறிந்த மூன்று பேரிடம் கேளுங்கள். ஒருவர் சபை மூப்பராக இருக்கட்டும், ஒருவர் வீட்டார், ஒருவர் உங்கள் உதவியைப் பெற்றவர். "நான் செய்ததில் யாருக்காவது நன்மை உண்டாயிற்றா?" என்ற கேள்வி மட்டும் போதும். வரத்தை நாமே நமக்கு அறிவித்துக்கொள்வதில்லை, சபை கண்டு சொல்கிறது. தீமோத்தேயுவின் வரத்தைப் பற்றிப் பேசும்போது மூப்பர்கள் கைகளை வைத்ததையும் பவுல் சேர்த்தே நினைவூட்டுகிறார் (1 தீமோத்தேயு 4:14).

புடவைக்கடைத் தங்கையும் பிறகு ஒரு கொப்பி வைத்தாள். முதல் பக்கங்களில் முழுவதும் முதியவர்களின் பெயர்கள். யார் இரண்டு வாரமாக வரவில்லை, யாருக்குப் படியேற முடியவில்லை, யாருடைய மகன் கட்டாரிலிருந்து தொலைபேசி எடுப்பதை நிறுத்திவிட்டான் என்றெல்லாம் எழுதியிருந்தாள். "இதெல்லாம் வரமா அண்ணா?" என்று கேட்டாள். இரக்கஞ்செய்கிறவன் உற்சாகத்துடன் செய்யக்கடவன் என்ற ரோமர் 12:8ஐத் திறந்து காட்டினேன். தீர்க்கதரிசனம் நிற்கும் அதே வரிசையில் இரக்கமும் நிற்கிறது.

ஐந்தாம் படி: பேச்சு வரங்களுக்கு ஒழுங்கு வையுங்கள்

அந்நியபாஷையைப் பற்றி 1 கொரிந்தியர் 14 சொல்வது தெளிவாக இருக்கிறது. சபைக் கூடுகையில் இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராகப் பேச வேண்டும். ஒருவர் அர்த்தம் சொல்ல வேண்டும். சொல்ல ஆளில்லாவிட்டால் தனக்கும் தேவனுக்கும் மட்டும் பேசிக்கொள்ள வேண்டும். எல்லாரையும்விட அதிகம் பாஷைகளில் பேசுகிறேன் என்று சொல்லும் பவுலே, சபையில் பதினாயிரம் வார்த்தைகளைவிடப் புரிகிற ஐந்து வார்த்தைகளை விரும்புகிறார். "எல்லாரும் அந்நியபாஷைகளைப் பேசுகிறார்களா?" என்று 12:30இல் அவர் கேட்பது, இல்லை என்ற பதிலை எதிர்பார்த்து. ஆகவே இளையோரைச் சுற்றி நின்று "நாவை அசை, நாவை அசை" என்று வற்புறுத்துவதை நிறுத்துங்கள். பயத்தில் போலியாகப் பேசிவிட்டு, அந்தக் குற்ற உணர்வைப் பல ஆண்டுகள் சுமந்த பிள்ளைகளை நான் அறிவேன்.

தீர்க்கதரிசனத்தில் கொழும்புக்கென்று ஒரு சோதனை இருக்கிறது. போரும் இடப்பெயர்வும் பொருளாதார நெருக்கடியும் கடந்து வந்த மக்கள் நாம். எல்லா வீட்டிலும் ஒரு விசா விண்ணப்பமோ கல்யாணப் பேச்சோ காத்துக்கிடக்கிறது. "உனக்கு வெளிநாட்டுக் கதவு திறக்கிறது" என்று சொன்னால் பாதிக் கூட்டம் ஆமென் சொல்லும். அப்படி ஒரு வார்த்தையை நம்பி இருந்த வேலையை விட்டவர்கள் உண்டு, வீட்டை அடகு வைத்தவர்களும் உண்டு. பக்திவிருத்தி, புத்தி, ஆறுதல் என்று 14:3 மூன்று நோக்கங்களைத் தருகிறது. வருங்காலம் அறியும் குறிகேட்டல் அதில் இல்லை.

ஒரு வார்த்தை உங்கள் மனத்தில் எழுந்தால் "கர்த்தர் சொல்லுகிறார்" என்று தொடங்க வேண்டாம். "எனக்கு இப்படித் தோன்றுகிறது, நீங்கள் சோதித்துப் பாருங்கள்" என்று சொல்லுங்கள். இது அவிசுவாசம் அல்ல, மற்றவர்கள் நிதானிக்கக்கடவர்கள் என்ற 14:29க்கு இடம் விடுவது. கல்யாணம், பணம், பயணம், பிரிவு பற்றி யாருக்கும் தனியாக வார்த்தை சொல்லாதீர்கள். மூப்பர் ஒருவர் கூட இருக்கட்டும். உங்களுக்கே ஒருவர் வார்த்தை சொன்னால் அது வேதத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள், இரண்டு முதிர்ந்தவர்களிடம் சொல்லுங்கள், அவசர முடிவு எடுக்காதீர்கள். அகபு என்ற தீர்க்கதரிசி பவுலின் கச்சையால் தன் கைகால்களைக் கட்டி எருசலேமில் நடக்கப்போவதைச் சொன்னார். கேட்ட எல்லாரும் போகவேண்டாம் என்று அழுதார்கள். பவுல் போனார் (அப்போஸ்தலர் 21). உண்மையான தீர்க்கதரிசனமும் கேட்பவருடைய பகுத்தறிவை எடுத்துப்போடுவதில்லை.

அடக்க முடியாமல் பேசினேன் என்பவரிடம், தீர்க்கதரிசிகளின் ஆவிகள் தீர்க்கதரிசிகளுக்கு அடங்கியிருக்கின்றன என்ற 1 கொரிந்தியர் 14:32ஐ அன்பாக வாசித்துக் காட்டுங்கள். வார்த்தைக்குக் காணிக்கை கேட்பவரை விட்டு விலகுங்கள், அப்போஸ்தலர் 8இல் தேவனுடைய வரத்தைப் பணத்தால் வாங்க நினைத்த சீமோனுக்குப் பேதுரு சொன்னது போதும். அதேவேளை, இந்தத் தப்புகளைப் பார்த்துப் பயந்து எல்லாக் கதவையும் மூடிவிடவும் கூடாது. ஆவியை அவித்துப்போடாதிருங்கள், எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று 1 தெசலோனிக்கேயர் 5 இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறது.

ஆறாம் படி: சுகத்துக்காக ஜெபியுங்கள், மருந்தை நிறுத்தாதீர்கள்

வத்தளையில் இருந்த என் சின்னம்மாவுக்கு நீரிழிவு. ஒரு சுகமளிக்கும் கூட்டத்தில் அவருக்காக ஜெபித்தார்கள். உடம்பு முழுக்கச் சூடு பரவியதாகச் சொன்னார். வீட்டுக்கு வந்து, விசுவாசத்தின் அடையாளமாக இன்சுலினை நிறுத்தினார், எங்களிடம் சொல்லவில்லை. ஒன்பதாம் நாள் காலையில் எழுப்ப முடியவில்லை. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஊசி மருந்துக் குப்பிகள் வெண்ணெய்க்குப் பின்னால் அப்படியே நின்றதைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதால் பிழைத்தார். கூட்டத்தை நடத்தியவர் அவரை ஏமாற்ற நினைத்தார் என்று நான் சொல்லவில்லை. "வைத்தியரிடம் காட்டாமல் மருந்தை நிறுத்த வேண்டாம்" என்ற ஒரு வாக்கியத்தை அவர் மேடையில் சொல்லவில்லை. அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தப் படியை எழுதுகிறேன்.

நோயாளிக்காக ஜெபிக்கும் ஒவ்வொரு முறையும் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். சுகம் கிடைத்தால் பரிசோதனை அதை உறுதிப்படுத்தும், தேவனுக்கு அதில் பயமில்லை. பவுலோடு பயணம் செய்த லூக்கா பிரியமான வைத்தியன். தீமோத்தேயுவின் வயிற்றுக்குப் பவுல் சொன்னது கொஞ்சம் திராட்சரசம். துரோப்பீமுவை வியாதியோடு மிலேத்துவில் விட்டுவந்ததாக அவரே எழுதுகிறார். குணமாகாதவரிடம் "உனக்கு விசுவாசம் போதாது" என்று சொல்வது, ஏற்கனவே நொந்தவரின்மேல் இன்னொரு கல்லை வைப்பது.

யாக்கோபு 5:14 சொல்லும் வழி அமைதியானது. நோயாளி அழைக்கிறார், மூப்பர்கள் வீட்டுக்குப் போகிறார்கள், எண்ணெய் பூசி ஜெபிக்கிறார்கள். தொடும் முன் அனுமதி கேளுங்கள். பெண்களுக்காக ஜெபிக்கும்போது ஒரு பெண் கூட இருக்கட்டும். மனச்சோர்வையும் மனநோயையும் பிசாசின் பிடி என்று உடனே தீர்த்துவிடாதீர்கள். ஆவிகளைப் பகுத்தறிதல் என்ற வரத்துக்கு, இது ஆவி அல்ல என்று பகுத்தறிவதும் உட்பட்டது. அங்கொடை தேசிய மனநல நிறுவனத்தின் உதவி எண் 1926. அதைச் சபை அறிவித்தல் பலகையில் எழுதி வையுங்கள்.

ஏழாம் படி: உங்கள் சபையின் வழக்கத்துக்குள் நின்று செய்யுங்கள்

கொழும்பில் ஒரே தெருவில் பல மரபுகள் இருக்கின்றன. அற்புத வரங்கள் அப்போஸ்தலர் காலத்தோடு நின்றுவிட்டன என்று நம்புகிறவர்களும் உண்டு. 1906இல் லாஸ் ஏஞ்சல்ஸ் அசூசா வீதியில் தொடங்கிய எழுப்புதலின் அலை கொழும்புக்கும் வந்து, 1920களில் இங்கிருந்தே பெந்தெகொஸ்தே ஊழியங்கள் கிளம்பின. கத்தோலிக்கரிடையே 1967இல், இந்த வரங்களை நாடும் அருங்கொடை (கரிஸ்மாட்டிக்) இயக்கம் தொடங்கியது. அதற்கு முன்பே, 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் எளிய கொடைகளையும் சிறப்பான கொடைகளையும் நன்றியோடு ஏற்கச் சொல்லியிருந்தது. கத்தோலிக்க நண்பர்கள் "ஏழு கொடைகள்" என்று சொல்வது எசாயா 11ஐ ஒட்டியது, கொரிந்தியர் பட்டியலை அல்ல. இதை அறியாமல் பேசினால் வீண் வாக்குவாதம் வரும்.

மெதடிஸ்த ஆராதனையின் நடுவில் எழுந்து தீர்க்கதரிசனம் சொல்வதோ, பெந்தெகொஸ்தே சபையில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொன்றையும் மனத்துக்குள் தள்ளுபடி செய்வதோ சரீரத்துக்கு உதவாது. முதலில் போதகரிடம் பேசுங்கள். அவர் இடம் கொடுக்காவிட்டால் வீட்டு ஜெபக்கூட்டத்திலும் ஆஸ்பத்திரிக் கட்டிலருகிலும் இடம் இருக்கிறது.

எட்டாம் படி: மொழியால் பிரிந்த மேசைக்கு வாருங்கள்

எங்கள் நகரத்துக்கு மிகவும் பொருந்தும் அதிகாரம் அப்போஸ்தலர் 6 என்று நான் நினைக்கிறேன். கிரேக்கம் பேசும் விதவைகள் தினப் பங்கில் கவனிக்கப்படவில்லை. மொழியால் வந்த புறக்கணிப்பு அது. தெரிந்தெடுக்கப்பட்ட ஏழு பேரின் பெயர்களையும் பாருங்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா என எல்லாமே கிரேக்கப் பெயர்கள். முறைப்பாடு வந்த பக்கத்தின் கையிலேயே பரிமாறும் பொறுப்பைக் கொடுத்தார்கள்.

2016 மே மாதம் களனி கங்கை பெருகிக் கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் மூழ்கின. நாங்கள் பாணும் தண்ணீர்ப் போத்தலும் கொண்டுபோனோம். எங்களோடு வந்த ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர் ஒரு பேனையை மட்டும் கொண்டுவந்திருந்தார். ஈரமான ஒரு மேசையின் மூலையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, சிங்களத்தில் இருந்த படிவங்களைத் தமிழ்க் குடும்பங்களுக்கும் முஸ்லிம் குடும்பங்களுக்கும் வாசித்துச் சொல்லி நிரப்பிக் கொடுத்தார். பாண் மத்தியானத்தோடு தீர்ந்துவிட்டது. அவருக்கு முன்னால் நின்ற வரிசை இருட்டும்வரை குறையவில்லை. அதற்கு முன் பல ஆண்டுகள் அவர் சபையில் வாய் திறந்து ஜெபித்தே நான் கேட்டதில்லை.

உங்கள் சபையில் சிங்களமும் தமிழும் நன்றாக அறிந்தவர்கள் யார் என்று எழுதுங்கள். பிரசங்கத்தை மொழிபெயர்க்க மட்டும் அவர்களை அழைக்காதீர்கள். கிராம அலுவலரிடம் போக, கிளினிக்கில் பக்கத்தில் நிற்க, பொலிஸ் முறைப்பாட்டை வாசித்துப் பார்க்க அவர்கள் தேவைப்படுகிறார்கள். மலையகத்திலிருந்து வேலைக்கு வந்து தனியாகத் தங்கியிருக்கும் பிள்ளைகளுக்கு இது பெரிய ஆதரவு.

ஒன்பதாம் படி: போதகர்களும் மூப்பர்களும் செய்ய வேண்டியது

எபேசியர் 4:12இன்படி உங்கள் வேலை எல்லா ஊழியத்தையும் நீங்களே செய்வதல்ல, பரிசுத்தவான்களைச் சீர்பொருத்துவது. ஆண்டுக்கு ஒருமுறை, ஜனவரி நெருக்கடி ஓய்ந்த பிறகு, ஒவ்வொரு அங்கத்தவரோடும் அரைமணி நேரம் உட்காருங்கள். கொப்பியில் என்ன எழுதியிருக்கிறார் என்று கேளுங்கள். களைத்துப்போனவருக்கு மூன்று மாதம் ஓய்வு கொடுங்கள். ஓய்வில் வரம் போய்விடாது. தப்பாகச் சொல்லிவிட்டவரைக் கூட்டத்தில் வைத்துத் திருத்தாமல் தனியாக அழைத்துப் பேசுங்கள். ஆனால் அவர் சொன்னதால் ஒரு குடும்பம் பாதிக்கப்பட்டிருந்தால் அந்தக் குடும்பத்திடம் சபையின் பெயரால் மன்னிப்புக் கேளுங்கள்.

பத்து ஆண்டுகளாக ஒரே ஆள் மொழிபெயர்க்கிறாரா? ஒரே அக்கா ஞாயிறு பாடசாலை நடத்துகிறாரா? அவர்களுக்குப் பக்கத்தில் இன்னொரு கதிரை போடுங்கள். முதல் மாதம் இளையவர் பார்க்கட்டும், இரண்டாம் மாதம் பாதியைச் செய்யட்டும், மூன்றாம் மாதம் மூத்தவர் பின் வரிசையில் உட்கார்ந்து கேட்கட்டும். இளையவர் தடுமாறும்போது எழுந்துபோய் ஒலிவாங்கியை வாங்கிவிடாதீர்கள்.